ஈயம், சாந்து, பசை: தருமபுரிக் கழிவறைகளில் குழாய் மூட்டின் வரலாறு

கழிவறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அறைகளையே எண்ணுகிறார்கள். எத்தனை வீடுகளில் கழிவறை உண்டு, எத்தனை வீடுகளில் இல்லை என்பதே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியாகவும் அரசுத் திட்டங்களின் இலக்காகவும் இருந்துவருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு வளாகத்துக்குள்ளேயே கழிவறை உடைய குடும்பங்கள் 2001-இல் 35.2 விழுக்காடு, 2011-இல் 48.3 விழுக்காடு என்று அக்கணக்கெடுப்புகள் கூறுகின்றன. சுவரும் கதவும் கோப்பையும் இவ்வெண்களில் அடங்கிவிடுகின்றன. கோப்பையின் வால் குழாயின் வாய்க்குள் நுழையும் நான்கு அங்குல வட்டம், பிளம்பர்கள் ஜாயிண்ட் என்றும் பழைய கொத்தனார்கள் மூட்டு என்றும் சொல்லும் அந்த இடம், எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கழிவறை வீட்டைச் சுத்தமாக்குகிறதா, அல்லது அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தி வைக்கிறதா என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது அந்த வட்டம்தான்.

இம்மூட்டை அடைக்கப் பயன்பட்ட பொருள்களை வரிசைப்படுத்தினால் ஈயம், சிமென்ட் சாந்து, பிளாஸ்டிக் பசை, ரப்பர் வளையம் என்று நான்கு முதன்மையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழாயை மனத்தில் வைத்து உருவானது. குழாய்கள் மாறியபோது மூட்டும் பழக்கம் அதே வேகத்தில் மாறவில்லை. ஒரு தலைமுறையின் குழாயை முந்தைய தலைமுறையின் பொருளால் அடைக்கும் வழக்கம் திரும்பத் திரும்ப நேர்ந்தது. இன்று தருமபுரியில் பழைய குளியலறையைப் புதுப்பிக்கத் தளத்தை உடைக்கும்போது வெளிப்படும் ஒழுக்குகளில் பெரும்பகுதி இந்தப் பின்தங்கலின் விளைவு.

தருமபுரி, 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு மாறிய பாராமகால் நிலப்பகுதியைச் சேர்ந்தது. பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ, வருவாய்ப் பணியின் தொடக்க ஆண்டுகளை இவ்வூரில் கழித்தார். பின்னர் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்த ஊர், 1964-இல் நகராட்சியாகி, 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டத்தின் தலைநகரானது. (கிருஷ்ணகிரி இதிலிருந்து 2004-இல் பிரிந்தது.) இவ்வளவு காலத்திலும், தமிழ்நாட்டின் மற்றச் சிற்றூர்களைப் போலவே இங்கும் பெரும்பாலோர் ஏரிக்கரையையும் புறம்போக்கையும் நாடினர், வசதியுள்ள சில வீடுகளிலும் அலுவலகங்களிலும் மட்டும் எடுப்புக் கழிவறை இருந்தது. உயர்த்திக் கட்டிய மேடையில் ஒரு துளை, துளைக்குக் கீழே வாளி அல்லது வெறும் தளம், பின்புறச் சந்தில் திறக்கும் ஒரு சிறு பலகைக் கதவு ஆகியவற்றால் ஆன இவ்வமைப்பில் குழாய் கிடையாது. குழாய் இல்லாததால் மூட்டும் கிடையாது. வீட்டிலிருந்து ஊர் எல்லை வரை நீள வேண்டிய குழாயின் வேலை முழுவதும், சாதியின் பெயரால் அத்தொழிலுக்குள் அடைக்கப்பட்ட மனிதர்களின் தலையிலும் தோளிலும் ஏற்றப்பட்டது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமும் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் கழிவகற்றுதலை உள்ளாட்சியின் கடமையாக்கின. அக்கடமையை யார் உடலால் நிறைவேற்றுவது என்ற கேள்வியை அவை தொடவில்லை. உலர் கழிவறை கட்டுவதையும் அதை அள்ள ஆள் வைப்பதையும் குற்றமாக்கிய நடுவணரசுச் சட்டம் 1993-இல்தான் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஆகவே நல்ல மூட்டு என்பதை வெறும் வசதிக்குரிய நுட்பமாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. மூட்டு பழுதாகிக் குழாய் அடைபடும் ஒவ்வொரு முறையும் பழைய வேலைக்கு மறுபடியும் ஓர் ஆள் தேடப்படுகிறார்.

நீரால் கழுவிவிடும் கழிவறை இரண்டு அடைப்புகளைச் சார்ந்து நிற்கிறது. ஒன்று, கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் தேங்கி நின்று நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் நீர். இதற்கு நீரடைப்பு என்று பெயர், வளைந்த உறுப்பைக் கடைகளில் டிராப் என்பார்கள். லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் இத்தகைய வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். மற்றொன்று, வளைவு முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள மூட்டு. முதல் அடைப்பை நீர் தானே செய்துகொள்கிறது, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது புதுப்பிக்கப்படுகிறது. இரண்டாவதை மனிதக் கை ஒரே முறை செய்துவிட்டுத் தளத்தால் மூடிவிடுகிறது. மூட்டு பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று லண்டனில் உண்டு. 1854-இல் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ அங்கிருந்த அடிகுழாயைச் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டின் மலக்குழி கிணற்றிலிருந்து 3 அடிக்கும் குறைவான தொலைவில் இருந்ததும், அதன் செங்கற் சுவரின் சாந்து உளுத்துக் கழிவு கிணற்றுக்குள் ஊறி இறங்கியதும் தெரியவந்தன. இருந்தும் அக்காலப் பொறியாளர்கள் நீர் கசிவதைக் காட்டிலும் காற்று கசிவதற்கே அஞ்சினர். சாக்கடை வாயுவே நோய்க்கு மூலம் என்று நம்பியதால், மூட்டைச் சோதிக்கக் குழாய்க்குள் புகையைச் செலுத்துவது அல்லது மேல்மாடியில் புதினா எண்ணெயை ஊற்றிவிட்டுக் கீழே எந்த இடத்தில் மணக்கிறது என்று முகர்ந்து பார்ப்பது போன்ற முறைகளைக் கையாண்டனர். காரணம் தவறு, சோதனை சரி என்பதுதான் இதில் சுவையான செய்தி.

சென்னைக்குக் கேப்டன் ஹெக்டர் டுல்லக் 1865-இலேயே ஒரு கழிவுநீர்த் திட்டம் வகுத்தார். ஆயினும் பொறியாளர் மேட்லியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் விரிவான அமைப்பு உருப்பெற 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நகரின் பெரிய கட்டடங்களில் வார்ப்பிரும்புக் குழாய்கள் வந்தன. அவற்றோடு ஈய மூட்டும் வந்தது. பின்னாளில் மாவட்டத் தலைநகரங்களில் எழுந்த அரசுக் கட்டடங்களுக்கும் பொதுப்பணித் துறை இதே முறையைத்தான் விதித்தது.

ஈய மூட்டு ஒரு தனிக்கலை. வார்ப்பிரும்புக் குழாயின் ஒரு முனை மணியைப் போல் அகன்றிருக்கும், மறுமுனை நேராக இருக்கும். ஒன்றின் நேர்முனையை மற்றொன்றின் அகன்ற வாய்க்குள் செருகியபின் சுற்றிலும் ஒரு விரல் நுழையாத இடைவெளி எஞ்சும். அவ்விடைவெளியில் முறுக்கிய சணலை வைத்து, தட்டையான இரும்புளியால் அடித்து அடித்து இறுக்குவார்கள். சணல் நீரை ஓரளவு தடுப்பதோடு, பின்னால் ஊற்றப்போகும் ஈயம் குழாய்க்குள் வழிந்துவிடாமலும் காக்கும். சணலுக்கு மேல் ஏறத்தாழ 25 மி.மீ. ஆழம் மீதம் வைத்து, வாயைச் சுற்றிக் களிமண் பூசிய கயிற்றைக் கட்டி, உச்சியில் மட்டும் சிறு துளை விட்டு, 327 பாகை செல்சியஸில் உருகும் ஈயத்தைக் கரண்டியில் மொண்டு ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். பாதி ஊற்றி நிறுத்தினால் முதற்பாதி உறைந்து, இரண்டும் ஒட்டாமல் நூலிழை விரிசல் நின்றுவிடும். வாய்க்குள் ஈரம் இருந்தாலோ நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தைத் தெறிக்கவைத்து ஊற்றுபவரின் முகத்தைப் பொசுக்கும். ஆறியதும் ஈயம் சுருங்கும் என்பதால் வேலை அதோடு முடியாது. உளியைச் சுற்றிச் சுற்றி அடித்து, மென்மையான அந்த உலோகத்தை இரும்பின் இருபுறமும் நெருக்கித் திணிக்க வேண்டும். நான்கு அங்குலக் குழாயின் ஒரு மூட்டு ஏறக்குறைய ஒரு கிலோ ஈயத்தை விழுங்கியது. விலை மிகுந்தது, வேலை மிகுந்தது, ஈயப்புகையால் உடலுக்குக் கேடானது. ஆயினும் கட்டடம் சற்றே அமர்ந்தாலும் அதிர்ந்தாலும் ஈயம் அதற்கேற்ப நெளிந்துகொடுத்ததால், இம்மூட்டுகள் குழாயைவிட நீண்டநாள் உழைத்தன.

இத்தனை வல்லமையும் இரும்பும் இரும்பும் சேரும் இடத்துக்கு மட்டும் உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். பீங்கான் கோப்பை இரும்புக் குழாயைச் சந்திக்கும் இடத்தில் ஈயத்தை ஊற்ற முடியாது. சூட்டில் பீங்கான் வெடிக்கும், வெடிக்காமல் தப்பினாலும் உளியின் அடியில் நொறுங்கும். எனவே அந்த ஓரிடத்தில் மட்டும் சணலைத் திணித்து, சிவப்பு ஈய ஆக்சைடையும் ஆளிவிதை எண்ணெயையும் குழைத்த மக்கையோ வெறும் சிமென்ட் சாந்தையோ பூசி முடித்தார்கள். அமைப்பு முழுவதிலும் மிகுதியாக அசைவுக்கு உள்ளாவது இந்த மூட்டு, ஏனெனில் மனிதர் ஏறி அமர்வது இதன் மேல்தான். அதற்குத்தான் எல்லாவற்றிலும் எளிய அடைப்பு வாய்த்தது. கோப்பை மூட்டின் பலவீனம் கவனக்குறைவால் பின்னாளில் வந்து சேர்ந்த நோய் என்று கருதுவதற்கில்லை. அது பிறவியிலேயே உள்ளது.

வீடுகளைப் பொறுத்தவரை இரும்பும் ஈயமும் எட்டாக் கனிகள். அங்கே வந்தது உப்பு மெருகிட்ட மண்குழாய். சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது சாதாரணச் சமையல் உப்பை அள்ளி வீசினால், அது ஆவியாகிக் களிமண்ணிலுள்ள மணற்சத்தோடு சேர்ந்து கண்ணாடி போன்ற பழுப்பு மெருகாகப் படியும். நீர் ஊறாத, அமிலம் அரிக்காத குழாய் கிடைக்கும். ஹென்றி டௌல்டன் 1846-இல் லண்டன் லாம்பெத்தில் இதற்கெனவே ஆலை தொடங்கினார். இந்தியாவில் வங்காளத்து ராணிகஞ்சில் பர்ன் கும்பினியின் மட்கல ஆலை இதைச் செய்தது. தமிழ்நாட்டில் விருத்தாசலம் வட்டாரத்துக் களிமண் இத்தொழிலுக்கு இடம்கொடுத்தது. ராணிப்பேட்டையில் பாரி கும்பினியும் வடலூரில் நெய்சரும் கோப்பைகளை வார்க்கத் தொடங்கியபின் குழாயும் கோப்பையும் தென்னாட்டிலேயே கிடைக்கலாயின. சுட்ட மண்குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீரை நடத்துவது தமிழ்நிலத்துக்குப் புதிதல்ல. கீழடி அகழாய்வில் அவ்வாறு செருகப்பட்ட சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டுள்ளன. ஆனால் அவற்றை மலக்குழாய்களோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவது பொருந்தாது.

மண்குழாயின் நீளம் பொதுவாக 60 செ.மீ.தான், மிக நீண்டால் சூளையில் வளைந்துவிடும். ஆகவே வீட்டுக் கழிவறையிலிருந்து மலக்கசடுத் தொட்டி வரை 15 மீட்டர் தொலைவு இருந்தால் 25 குழாய்களும் ஏறத்தாழ அத்தனை மூட்டுகளும் தேவைப்பட்டன. ஒவ்வொரு மூட்டிலும் சிமென்ட் கரைசலில் தோய்த்த சணலை முதலில் திணித்து, பின் ஒரு பங்கு சிமென்டுக்கு ஒரு பங்கு மணல் என்ற வளமான சாந்தைக் கரணையால் நிரப்பி, வெளிப்புறம் 45 பாகைச் சரிவாகப் பூசி, ஈரச்சாக்கு போர்த்தி ஆறவிட வேண்டும். உட்புறம் பிதுங்கிய சாந்தைத் துடைக்கக் கோணித்துணி உருண்டையைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் இழுப்பது வழக்கம். அதைச் செய்யாமல் விட்ட மூட்டில் சாந்தின் பிசிறு இறுகி நின்று, பின்னாளில் துணியையும் முடியையும் பிடித்து வைத்து அடைப்பை உண்டாக்கும். இக்குறைகள் ஒருபுறமிருக்க, சிமென்டும் மண்குழாயும் ஒத்த இனத்தவை என்பது மறுக்க முடியாதது. குழாயின் முனையையும் வாயின் உட்புறத்தையும் மெருகிடாமலும் வரிகள் கீறியும் விட்டிருப்பார்கள். சாந்து அவ்வரிகளில் வேரூன்றிப் பிடிக்கும், வெயிலிலும் குளிரிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிந்து சுருங்கும். மண்குழாய்க்குச் சாந்து பொருத்தமான துணை என்பதால்தான், கோப்பை என்றால் சாந்து வைத்து அடைக்க வேண்டும் என்ற எண்ணம் கொத்தனார்களின் கையில் ஆழமாகப் பதிந்தது.

தருமபுரியின் நிலம் இவ்வேலைக்கு எளிதில் இடம்கொடுக்காது. மாவட்டத்தின் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட் ஆகிய கடும்பாறைகளின் மேல் அமைந்தது. மேல்மண் மெல்லியது, சில அடி தோண்டினால் பாறை கடப்பாரையைத் திருப்பியடிக்கும். இதனால் குழாய்க்கு வேண்டிய வாட்டம் கொடுப்பது கடினமாகும். வாட்டம் என்பது கழிவு தானே ஓடத் தேவையான சரிவுக்குக் கட்டட வேலையாட்கள் வழங்கும் பெயர். வாட்டம் குறைந்த குழாயில் கழிவு தேங்கும், தேங்கிய கழிவு மூட்டின் மேல் நாள் முழுதும் அழுத்தும். கசிந்த நீர் மண்ணில் வடிகட்டப்படும் என்ற பொது நம்பிக்கையும் இங்கே செல்லாது. பாறையின் விரிசல் வழியே இறங்கும் நீர் வடிகட்டப்படாமலே வேறொரு விரிசலுக்குப் போய்ச் சேரும், ஆழ்துளைக் கிணறுகள் நீரெடுப்பதும் அதே விரிசல்களிலிருந்துதான். புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மாவட்டம் என்றே தருமபுரி நெடுங்காலம் பேசப்பட்டது. அதே நீரை இன்னொரு வழியிலும் கெடுக்கவல்ல கழிவறை மூட்டு அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

கிராமங்களின் கதை வேறு. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு நடுவண் சுகாதார அமைச்சகம் 1950-களின் பிற்பாதியில் நடத்திய சுற்றுப்புறச் சுகாதார ஆய்வுத் திட்டத்தின் மூன்று மையங்களுள் ஒன்று சென்னையை அடுத்த பூவிருந்தவல்லியில் இருந்தது. தில்லிப் பக்கத்து நஜஃப்கரும் வங்காளத்துச் சிங்கூரும் மற்றவை. இத்திட்டத்தில் உருவான கழிவறை, சாதாரண டிராப்பில் இருக்கும் 5 செ.மீ. நீரடைப்பை 2 செ.மீ. ஆகக் குறைத்து, கைச்சொம்பு நீராலேயே கழுவிவிடக்கூடியதாக அமைந்தது. தண்ணீரைத் தலையில் சுமந்து வரும் ஊர்களுக்கு இது சரியான கணக்கு. குழி கோப்பைக்கு நேர்க்கீழே இருந்தால் குழாயே வேண்டாம். குழி தள்ளியிருந்தால் 7.5 செ.மீ. அகலமும் குறைந்தது ஒரு மீட்டர் நீளமும் உள்ள இணைப்புக் குழாய் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராம வீடு முதன்முதலாகச் சந்தித்த கழிவறை மூட்டு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினதே. 1999-இல் தொடங்கிய முழு சுகாதார இயக்கமும் 2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கமும் இவ்வழியில் வந்த இரட்டைக்குழிக் கழிவறையைப் பரப்பின. அதில் ஒரு விந்தையான மூட்டு உண்டு: குழாய் இரண்டாகக் கிளைக்கும் சிறு தொட்டியில் ஒரு கிளையைச் செங்கல்லும் மண்ணும் வைத்து அடைத்திருப்பார்கள், சில ஆண்டுகளில் ஒரு குழி நிறைந்ததும் அவ்வடைப்பை உடைத்து மறு கிளையில் வைக்க வேண்டும். நீரைத் தடுக்கும் அளவுக்கு வலுவாகவும் கையால் பெயர்க்கும் அளவுக்கு வலுவற்றும் இருக்க வேண்டிய இம்மூட்டின் நுட்பத்தை அறியாமல், அதையும் நல்ல சிமென்டால் பூசிவிட்ட கொத்தனாரைக் குறை சொல்வதைவிட, அதை அவருக்கு விளக்காத திட்டத்தைக் குறை சொல்வதே நியாயம். ஒரு கழிவறைக்கு 12,000 ரூபாய் என்று வகுத்த கணக்கு, சுவர் எழுந்ததற்கும் கதவு மாட்டியதற்கும் படம் கேட்டது. மூட்டைப் படமெடுக்க முடியாது.

இதற்கிடையில் குழாயின் உலகமே மாறிவிட்டது. அம்மாற்றத்தின் ஒரு முனை தருமபுரிக்கு மிக அருகில் இருந்தது. ஒகேனக்கல் அருவியைத் தாண்டிக் காவிரி சென்று நிறையும் மேட்டூரில் 1934-இல் அணை எழுந்தது; அணை மின்சாரம் தந்தது; மின்சாரம் இருந்ததால் 1936-இல் அங்கே இரசாயன ஆலை தோன்றி, உப்பைப் பிளந்து எரிசோடா எடுத்தது. உப்பைப் பிளந்தால் எரிசோடாவோடு குளோரினும் வரும். அதற்கு ஒரு பயன் தேடியாக வேண்டும். கெம்ப்ளாஸ்ட் நிறுவனம் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967-இல் மேட்டூரில் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியபோது அப்பயன் கிடைத்தது. எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 விழுக்காடு, குளோரினாலான பிளாஸ்டிக் அது. மீதிப் பகுதிக்கு வேண்டிய எத்திலீனைப் பெட்ரோலியத்திலிருந்து பெறாமல், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலிலிருந்து எடுத்தது இவ்வாலையின் தனித்தன்மை. உப்பு மண்குழாய்க்கு மெருகானது, பின்பு அதே உப்பு மண்குழாயையே ஒழித்த பொருளுக்கும் மூலமானது.

தருமபுரி உழவர்கள் பி.வி.சி. குழாயை முதலில் அறிந்தது கழிவறையில் அல்ல, கிணற்றடியில். மோட்டாரிலிருந்து வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் அக்குழாயை ஒட்ட அவர்களுக்குத் தெரிந்த எளிய வழி, ஒரு முனையைத் தீயில் வாட்டி இளக்கி, மற்றொன்றை அதற்குள் அடித்துச் செருகுவது. வயலில் இரண்டு சொட்டு ஒழுகினால் அது பயிருக்கே போகும் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. அதே கை, அதே பழக்கத்தோடு, கழிவறைக்கும் வந்தது. தீயில் விரிந்த முனையின் சுவர் ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் இருக்கும். அதில் ரப்பர் வளையம் அமர வரிப்பள்ளமும் இராது. வீட்டுக் கழிவுக்கென்றே தனிக் குழாய்க்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 13592, 1992-இல்தான் வெளிவந்தது. அதுவரை கைக்குக் கிடைத்த பாசனக் குழாயே பல வீடுகளின் மலக்குழாயாகவும் இருந்தது.

இரண்டு பி.வி.சி. உறுப்புகளை ஒட்டும் பொருளைக் கடைகளில் பேஸ்ட் என்றும் சொல்யூஷன் என்றும் கேட்டு வாங்குவார்கள். இதை ஒட்டுப்பசை என்பது முழுதும் சரியன்று. அதிலுள்ள கரைப்பான் இருபுறத்துப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையும் கரைத்து இளக்குகிறது; செருகியதும் இரண்டும் ஒன்றாய்க் கலந்து, கரைப்பான் ஆவியானபின் ஒரே திண்மையாக இறுகுகிறது. ஈரமும் தூசும் இல்லாமல் துடைத்துப் பூசி, செருகிக் கால் வட்டம் திருப்பி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருந்தால் அம்மூட்டு குழாயளவுக்கே வலிமை பெறும். இது பி.வி.சி. பி.வி.சி.யைச் சந்திக்கும் இடத்தில் நடக்கும் அற்புதம். பீங்கானின் மேல் இக்கரைப்பானுக்கு எந்த வேலையும் இல்லை. எனவே ஈயத்தின் காலத்தில் நேர்ந்ததே மறுபடியும் நேர்ந்தது: குழாய் முழுதும் நவீன மூட்டு, கோப்பை சேரும் இடத்தில் மட்டும் பழைய சாந்து.

இம்முறை அந்தச் சாந்துக்குப் பிடிமானமே இல்லாமற் போனது. பி.வி.சி.யின் மேற்பரப்பு வழவழப்பானது. சிமென்ட் அதைச் சுற்றி இறுகுமே தவிர அதனோடு சேராது. இறுகும்போது சாந்து சிறிது சுருங்கும், அப்போதே மயிரிழை வளையம் ஒன்று திறந்துவிடும். பி.வி.சி. மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும், வெளிச்சுவரில் வெயிலில் நிற்கும் 3 மீட்டர் குழாய், 20 பாகை ஏற்ற இறக்கத்தில் 4 மி.மீ. வரை நீண்டு குறுகும். அந்த அசைவு ஒவ்வொரு நாளும் சாந்து வளையத்தை உரசித் தளர்த்தும். இதை அறிந்த சில கைகள் ஒரு மாற்று கண்டன: குழாயின் முனையை அரத்தால் கீறி, பேஸ்ட் பூசி, அது காயுமுன் சலித்த உலர்மணலில் உருட்டி எடுத்தால், மணல் பிளாஸ்டிக்கில் பதிந்து சொரசொரப்பான தோலாகும், அதன்மேல் சாந்து பற்றும். ஆய்வுத் தொட்டியின் சுவரில் குழாயைப் பதிக்கும்போது பொறியாளர்கள் பரிந்துரைக்கும் இம்முறை, கோப்பை மூட்டுக்கு எல்லோராலும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதற்குத் தொழிற்பிரிவினையும் ஒரு காரணம். கோப்பையை ரசமட்டம் பார்த்துப் பதிப்பது கொத்தனாரின் வேலை. குழாய் ஓட்டுவது பிளம்பரின் வேலை. இருவரின் எல்லையும் முட்டும் இடத்தில் மூட்டு கிடக்கிறது. ஒழுகினால் இருவரும் மற்றவரைக் காட்டுவதற்கு நியாயம் இருக்கிறது.

கோப்பையையும் குழாயையும் சேர்க்கப் பிற நாடுகள் வேறு வழி கண்டன. வட அமெரிக்காவில் கோப்பை தரையிலுள்ள ஒரு விளிம்பு வளையத்தின்மேல் மெழுகு வளையம் வைத்து அமர்த்தப்படுகிறது. போல்ட்டை முடுக்கும்போது மெழுகு நசுங்கி இடைவெளியை நிரப்பும், கோப்பையை எடுத்தால் மெழுகை எறிந்துவிட்டுப் புதியது வைப்பார்கள். பிரிட்டனில் உதடுபோல் மடிந்த ரப்பர் ஓரம் உடைய இணைப்பான் வழக்கமானது. இந்தியக் கடைகளில் அதுவே பான் கனெக்டர் என்ற பெயரில் கிடைக்கிறது. இரண்டுக்கும் பொதுவான கொள்கை, மூட்டு அசையும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. சிமென்ட் மூட்டு அதை மறுக்கிறது.

புதுப்பித்தல் அலை தருமபுரியில் வலுப்பெற்றதற்குத் தண்ணீரும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டு, 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. சொம்பளவில் நீர் செலவிட்ட வீடுகளிலும் தொட்டி வைத்து நீரடிக்கும் மேலைக் கோப்பை நினைக்கத்தக்கதானது. முழங்கால் வலியுள்ள முதியோருக்கு அது தேவையும்கூட. பழைய இந்தியக் கோப்பையைப் பெயர்த்து மேலைக் கோப்பை வைக்கும் வேலையில்தான் மூட்டின் பழைய குறைகள் அனைத்தும் ஒருசேர வெளிப்படுகின்றன. தரை நோக்கிக் கழிவிறங்கும் மேலைக் கோப்பைக்குச் சுவரிலிருந்து குழாய் வாயின் மையம் வரை பொதுவாக 225 அல்லது 300 மி.மீ. இருக்க வேண்டும், பழைய கோப்பையின் வாய் அந்த அளவில் இராது. அளவைச் சரிசெய்யத் தளத்தை உடைக்க மனமில்லாமல் குறுக்கே ஒரு பெண்ட் சேர்த்தால், அது இன்னொரு மூட்டு. பழைய தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தளம் ஓர் அங்குலம் ஏறும், குழாயின் வாய் அந்த அளவுக்குக் கீழே போகும். கோப்பையின் வால் வாயை எட்டாமல் அந்தரத்தில் நிற்கும். அவ்விடைவெளியை வெள்ளைச் சிமென்ட் நிரப்புகிறது. கசிவு தெரிந்தபின் எம்-சீல் என்ற எபாக்சி மக்கு வருகிறது. 2000-இல் பிடிலைட் நிறுவனத்தின் கைக்கு மாறிய இச்சரக்கு, உலோகக் குழாயின் விரிசலுக்கு நல்ல மருந்து. ஈரம் வற்றாத, கைபோகாத மூட்டில் அதைத் திணிப்பது ஓர் ஆறுதல் மட்டுமே.

மாடிவீடுகளில் இதன் விளைவு கீழ்த்தளத்துக் கூரையில் தெரியும். கழிவறைக்காகத் தளத்தை ஓரடி தாழ்த்தி வார்த்து, குழாய் ஓட்டியபின் செங்கல் சல்லியால் நிரப்பும் பள்ளத்தில், மூட்டிலிருந்து கசியும் நீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். பள்ளம் நிறைந்தபிறகே கூரையில் ஓதம் அடிக்கத் தொடங்கும். தருமபுரியின் உப்புநீர் வற்றிய இடத்தில் வெண்மையான பொருக்கு விடும். அப்பொருக்கு மூட்டுக்கு நேர்க்கீழே தோன்றாமல் பள்ளத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் தோன்றும் என்பதால், தவறான இடத்தை உடைப்பது மிகச் சாதாரணம். கோப்பையின் அடியைச் சுற்றி முழுதும் வெள்ளைச் சிமென்ட் பூசுவதும் இதற்கு உடந்தை. கசிவு தரையில் வெளிப்பட வழியின்றி உள்ளே போகிறது. அனுபவமுள்ள சில பிளம்பர்கள் பின்புறம் ஓர் அங்குலம் பூசாமல் விட்டுவைக்கிறார்கள். பார்வைக்குக் குறையாகத் தோன்றும் அந்த இடுக்கில் ஈரம் தெரிந்தால், கூரை நனைவதற்கு முன்பே செய்தி கிடைத்துவிடும்.

பழைய மண்குழாயை முழுதும் எடுக்காமல் அதன் முனையில் பி.வி.சி.யைச் சேர்ப்பது மேலும் சிக்கலானது. இரண்டின் வெளியளவும் உள்ளளவும் ஒவ்வாதவை. மண்குழாயின் வாய் ஏதேனும் ஓரத்தில் சிதைந்திருந்தால், சிதைவற்ற அடுத்த மூட்டு வரை தோண்டிச் செல்வதே முறை. அங்கே மணல் பதித்த பி.வி.சி. முனையைச் செருகி, சணலும் சாந்தும் இட்டு, ஆறவிட்டு, கோப்பைப் பக்கத்தில் ரப்பர் இணைப்பானை வைத்தால், மூன்று காலத்துப் பொருள்களும் தத்தமக்குரிய இடத்தில் நிற்கும். அதன்பின் தொட்டிப்பக்கத்து முனையைப் பந்து அல்லது துணியடைப்பால் மூடி, கோப்பைப் பக்கத்து வாய்வரை நீர் நிரப்பி, சுவரில் ஒரு கோடு கீறி, ஓர் இரவு விட்டுவைப்பார்கள். காலையில் நீர் கோட்டிலேயே நின்றால் சல்லி நிரப்பலாம். இறங்கியிருந்தால் மூட்டைப் பிரித்து மறுபடி செய்ய அரைநாள் வேலை, டைல்ஸ் ஒட்டியபின் அதே மூட்டை அடைய வேண்டுமானால் தளம் முழுவதையும் உடைத்தாக வேண்டும்.